கருவாட்டுத் தண்ணீர்

மகளுக்குப் பத்தொன்பது வயது நிறைந்த அன்று எங்கே சாப்பிடுவது என்பதில் எங்கள் வீட்டில் விவாதம் ஏதும் நடக்கவில்லை. அண்ணா நகரில் கொரிய நூடுல்ஸ் கடை ஒன்று இருக்கிறது, அங்கேதான் என்று அவள் ஒரு மாதத்துக்கு முன்பே தீர்மானித்திருந்தாள். எங்களுக்கு விடப்பட்ட பொறுப்புகள் இரண்டு: பணம் கொடுப்பது, அம்மாவைக் கிளப்புவது. முதலாவதைப் பற்றி முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டாவதுதான் மலையைப் புரட்டும் வேலை என்று நினைத்திருந்தோம். அம்மா உணவு விடுதிகளுக்கு வருவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவார். ஆனால் பேத்தி "கொரியாக்காரங்க கடை ஆயா" என்றதும், "அந்த நாடகத்துல வருவாங்களே, எந்நேரமும் கிண்ணத்துல மூஞ்சிய வெச்சிக்கினு உறிஞ்சிக்கினு, அவங்களா?" என்று கேட்டுவிட்டுப் புடவை மாற்றப் போய்விட்டார். பத்தாண்டுகளுக்கு முன்பு புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலோடு வந்த கொரியத் தொடர்களை அவர் ஒன்று விடாமல் பார்த்தவர் என்பதை நாங்கள் மறந்திருந்தோம்.

அம்மா என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதை விளக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கு அவர் பெற்ற தாய். மற்றவருக்கு அத்தை. சொந்தத்தில் செய்துகொண்ட திருமணம். இருபத்துச் சொச்ச ஆண்டுகளில் அத்தை என்ற சொல் தேய்ந்து இருவருக்கும் அம்மாவாகவே ஆகிவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் பெருமைகளும் சிறுமைகளும் இருவருக்கும் பொது. யார் எதைச் செய்தார் என்று பிரித்துச் சொல்லப்போவதில்லை.

அனுப்பம்பட்டு ரயில் நிலையம் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில், கும்மிடிப்பூண்டித் தடத்தில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் பழவேற்காடு ஏரிப் பக்கம் என்று சொல்லிக்கொள்வோமே தவிர, ஊரிலிருந்து பார்த்தால் ஏரி தெரியாது. வயல்தான் தெரியும். ஏரிக்கரையை விட்டு எங்கள் குடும்பம் இங்கே வந்ததற்குக் காரணமே இந்த ரயில். அம்மா பிறந்து வாழ்க்கைப்பட்டதெல்லாம் பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்தில். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. குப்பத்தின் பெயரில் மட்டும் கோட்டை இடியாமல் நிற்கிறது. அங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்குள் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் கழி நட்டு வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுச் சுழற்சியாகப் பிரித்துக்கொள்ளும் முறை. வலியவன் நல்ல இடத்தை வளைத்துப் போட முடியாது. பொதுச் சொத்தைப் பகிர்வதற்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எங்களுக்கும் அதில் பெருமைதான். ஆனால் பாடு ஆண்களுக்கு உரியது. அம்மாவின் கணவர் இறந்தபோது வீட்டில் வலை கட்டும் வயதில் ஆண்பிள்ளை யாரும் இல்லை. பாடு இல்லாதவளுக்குக் கூடை இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் பழவேற்காடு போய்க் கருவாடு எடுத்து வருவார். மற்ற நாட்களில் அதிகாலை ரயிலில், சும்மாட்டின் மேல் கூடையை ஏற்றிக்கொண்டு கொருக்குப்பேட்டை போய் இறங்குவார். தெருத்தெருவாகக் கூவி, கூறு வைத்து விற்று, உச்சிவெயிலுக்கு முன் திரும்புவார். நெத்திலி, சென்னாக்குன்னி, காரப்பொடி, எப்போதாவது வஞ்சிரம். ஆடியில் கூழ் ஊற்றும் வீடுகளுக்காகக் கூடை இரட்டிக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் பச்சை மீன் விலை ஏறும்போது கருவாட்டுக்குக் கொஞ்சம் மரியாதை வரும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் செத்துவிடும். அப்போது காய்ந்த சரக்கு கிடைக்காது, கிடைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில்தான் வீட்டில் நகை அடகுக்குப் போகும்.

அந்த ரயிலில் எங்களில் ஒருவர் சென்னைக்குக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அதே ரயில்தான், வேறு பெட்டி. கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டி ஒரு பக்கம் நிற்குமென்றால் மாணவர் மறுபக்கம் போய் நின்றுகொள்வார். கொருக்குப்பேட்டையில் அம்மா இறங்கி, கூடையைத் தூக்கிவிட ஆள் தேடி நடைமேடையில் திரும்பிப் பார்க்கும்போது, மாணவர் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அம்மா ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. புத்தகம் எதற்காக உயர்ந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பிறந்தநாள் மாலையில் அதே தடத்தில், நான்கு பேரும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து சென்ட்ரல் போனோம். அங்கிருந்து மெட்ரோவில் அண்ணா நகர் டவர். நகரும் படிக்கட்டில் அம்மா பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி ஏறினார்.

கடை சிறியது. சமையலறைக்கும் உண்பவர்களுக்கும் நடுவே ஒரு நீண்ட மரப்பலகை, அதன் முன்னால் உயரமான முக்காலிகள். சுவரில், மகளுக்கு மட்டும் பெயர் தெரிந்த பாடகர்களின் படங்கள். மூலையில் தாழ்வான மேசை ஒன்று இருந்ததைப் பார்த்து அம்மாவை அங்கே அழைத்துப்போக முயன்றோம். "ஓரத்துல எதுக்கு? அடுப்பு தெரியிற எடத்துல உக்காரலாம்" என்றார். எழுபத்தொரு வயதில் அந்த முக்காலியில் ஏற இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரண்மேல உக்காந்த மாதிரி இருக்குது" என்றார். எங்களைத் தவிர அங்கிருந்த எல்லோரும் மகளின் வயதுக்காரர்கள்.

சென்னையில் கொரிய உணவு இப்படிப் பாட்டும் படமுமாக வந்ததில்லை. ஹூண்டாய் நிறுவனம் 1996இல் இங்கே பதிவாகி, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. அதையொட்டி வந்து குடியேறிய பொறியாளர்கள், மேலாளர்கள், அவர்களுடைய குடும்பங்கள் ஆகியோரின் வாய்க்கு ருசியாகச் சில வீடுகளில் உணவுக்கடைகள் முளைத்தன. பெயர்ப்பலகை கொரிய எழுத்தில் இருக்கும், நம்மவர்கள் தயங்கி வாசலோடு திரும்புவார்கள். இந்தப் பலகையும் முக்காலியும் அதற்குப் பின் வந்த தலைமுறையுடையவை. இங்கே வருகிறவர்களுக்குக் கொரியா ஒரு நாடு என்பதைவிட ஒரு குரல், ஒரு முகம்.

பட்டியலை மகள் உரக்கப் படித்தாள். தமிழ் சொல்லிக்கொடுக்கும் எங்களில் ஒருவருக்கு அப்போது வாய் சும்மா இருக்கவில்லை. கொரிய மொழியில் அப்பா அப்பாதான், நாள் என்பது 'நல்', புல் என்பது 'புல்' என்று தொடங்கி, ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதினார் என்று போய், இன்றைய மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்பதில்லை என்று நேர்மையாக முடிக்கும்போது, கேட்க யாரும் இல்லை. அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல கல்யாணத்துக்குப் போடுறது எது?"

கேள்வி வீணாகவில்லை. அப்படி ஒன்று இருந்தது. 'ஜன்ச்சி குக்சு' என்றால் விருந்து நூடுல்ஸ். நம்முடைய சேமியாவைப்போல் மெல்லிய கோதுமை இழைகள், சூடான தெளிந்த சாற்றில். கொரியாவில் திருமணத்தில் பரிமாறுவார்களாம். இழை நீளமாக இருப்பதால் தம்பதியின் ஆயுளும் உறவும் நீளும் என்று நம்பிக்கை. அங்கே வயது வந்த பிள்ளைகளைப் பார்த்து "எப்போது குக்சு போடப்போகிறாய்?" என்று கேட்டால், எப்போது கல்யாணம் என்று பொருள். மகள் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அம்மா, "நம்ம ஊட்ல எப்ப கல்யாண சாப்பாடு போடுவேன்னு கேக்குறதில்லயா, அந்த மாதிரி. நீ எப்படி போடப்போற?" என்றார். மகள் பட்டியலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். புத்தகம் பிடிக்கும் பழக்கம் பரம்பரையாக வருகிறது போலும்.

நூடுல்ஸ் விருந்துக்குரிய பண்டமாக இருந்ததற்குக் காரணம் அங்கே கோதுமை அரிதாக இருந்ததுதான். கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க உதவிக் கோதுமை வந்து குவிந்தது. அரிசிப் பற்றாக்குறையைச் சமாளிக்க, மாவுப் பண்டங்களை உண்ணும்படி அரசாங்கமே இயக்கம் நடத்தியது. ஜப்பானில் 1958இல் பிறந்த உடனடி நூடுல்ஸ், 1963இல் கொரியாவில் 'ராம்யோன்' ஆனது. கல்யாணச் சாப்பாடு ஏழையின் சாப்பாடாக இறங்கிய கதை அது. அதே அறுபதுகளில் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா, மதிய உணவில் 'அமெரிக்கன் ரவ' தின்றதை இன்றும் சொல்வார். கேர் அமைப்பு வழங்கிய பொருள்கள் நம் பள்ளி மதிய உணவில் சேர்ந்த காலம் அது. "ரெண்டு நாள் தின்னா மூணாம் நாள் வயிறு தாங்காது. ஆனா மூணாம் நாளும் போவோம்."

மகளுக்கு முட்டையும் சீஸும் மிதக்கும் ராம்யோன். எங்களுக்குக் கத்தியால் அரிந்த பட்டையான இழைகளில் மட்டி போட்ட கல்குக்சு ஒன்றும், கறுப்புச் சாந்து குழைத்த ஜஜாங்மியோன் ஒன்றும். பின்னது சீனத்திலிருந்து குடியேறியவர்கள் கொரியாவுக்குத் தந்தது. அதைப் பற்றிச் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை, சற்று இனித்தது. அம்மாவுக்கு விருந்து நூடுல்ஸ்.

கிண்ணம் வந்தது. மேலே மஞ்சளும் வெள்ளையுமாக மெலிதாக நறுக்கிய முட்டை, கேரட், சீமைச் சுரைக்காய், கறுப்பாகக் கடற்பாசித் துணுக்கு. உலோகக் குச்சிகளை அம்மா ஓரமாக எடுத்து வைத்தார். கரண்டியால் சாற்றை மட்டும் அள்ளி ஊதி வாயில் விட்டார். கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை தட்டினார். மீண்டும் ஒரு கரண்டி.

"ஐய, இது கருவாட்டுத் தண்ணிடி" என்றார்.

பலகையின் அந்தப் பக்கம் நின்றிருந்த சமையல்காரப் பையன் நிமிர்ந்து பார்த்தான். எங்களுக்குக் காது சுட்டது. அவசரமாக, அதெல்லாம் இருக்காது, கொரியாவில் வேறு ஏதோ போடுவார்கள் என்றோம். அம்மா எங்களைப் பொருட்படுத்தவில்லை. "நெத்திலிதான. தல கிள்ளிட்டுப் போட்டிருக்கான். கசப்பு இல்ல பாரு" என்று அவனை நோக்கியே சொன்னார். அவன் சிரித்தபடி பின்னால் போய் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்துவந்து அம்மாவின் முன் வைத்தான். உள்ளே வெள்ளியும் வைக்கோல் நிறமுமாக, விரல் நீளத்துக்கு, காய்ந்த நெத்திலி.

பிறகு நடந்தது உணவு உண்பது ஆகாது, சரக்கு மதிப்பீடு. அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், வயிற்றை நகத்தால் கீறினார், ஒடித்தார், ஒடியும் ஓசையைக் கேட்டார், முனையைக் கடித்தார். "மண்ணு இல்ல. மணல்ல காயப்போடல. அவிச்சிக் காய வெச்சிருக்கான்" என்று தீர்ப்பு வந்தது. அது சரியான தீர்ப்பு. கொரியாவில் 'மியோல்ச்சி' என்ற இந்த மீனைப் பிடித்த உடனே உப்பு நீரில் வேகவைத்துப் பிறகு உலர்த்துகிறார்கள். நம் கரையில் பெரும்பாலும் பச்சையாகவே வெயிலில் பரப்புகிறோம். நம் நெத்திலியும் அதுவும் ஒரே குடும்பம், வேறு வேறு இனம். தலையும் குடலும் நீக்கி, காய்ந்த கடற்பாசித் துண்டு ஒன்றோடு கொதிக்கவிட்டு வடித்தால் கிடைக்கும் தெளிநீர்தான் அந்நாட்டுச் சமையலில் பாதிக்கு அடிப்படை. தென்கரையில் நாம்ஹே என்ற தீவில், நீரோட்டம் விரையும் குறுகிய கடல்வழியில் மூங்கிலும் மரக்கழியும் நட்டு வேலி கட்டி நெத்திலியைப் பிடிக்கும் பழைய முறை இன்னும் இருக்கிறது. அப்படிப் பிடித்த மீனுக்கு அங்கே தனி விலை. எங்கள் பாட்டுக் கழிகளின் உறவினர்கள் என்று எண்ணிக்கொண்டோம். இந்த உறவுக்கு மொழியியலாளர்களின் ஒப்புதல் தேவையில்லை.

அடுத்த முக்காலியில் இருந்த இளைஞர் ஒருவர், ஜாடியைப் பார்த்துத் தன் கிண்ணத்தைச் சந்தேகமாகப் பார்த்து, இதில் அது இல்லையே என்று கேட்டார். அவருடையது காளானும் கடற்பாசியும் போட்ட சைவச் சாறு என்று பையன் ஆறுதல் சொன்னான்.

அந்தப் பையன் கொரியன் இல்லை. மணிப்பூர்க்காரன், இம்பால் பக்கம். சென்னைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தமிழை அடுக்களையில் கற்றிருந்தான், அதனால் வினைச்சொற்கள் எல்லாம் ஏவலாகவே வந்தன. இந்தித் திரைப்படங்களை 2000ஆம் ஆண்டில் ஓர் ஆயுதக் குழு தடை செய்தபோது, அந்த வெற்றிடத்தில் கொரியத் தொடர்கள் மணிப்பூருக்குள் வந்தன. எங்கள் மகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே அவனுடைய அக்காமார் கொரிய நடிகர்களின் படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்களாம். அவன் அம்மாவிடம், "அம்மா, எங்க ஊர் கருவாடு இதைவிட வாசனை" என்றான். 'ஙாரி' என்று பெயர் சொன்னான். சிறு கெண்டை மீனை உலர்த்தி, மண்பானையில் திணித்து, வாயை அடைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பது. ங என்ற எழுத்தை மொழிக்கு முதலில் நிறுத்த நன்னூல் விட்டுவைத்த ஒரே இடம் 'ஙனம்'. ஒரு மீன் அந்த எழுத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றது எங்களில் ஒருவருக்கு அளவற்ற மகிழ்ச்சியைத் தந்தது.

"இங்க வீட்ல சமைப்பியா?" என்று அம்மா கேட்டார்.

"இங்க இல்ல அம்மா. வீட்டுக்காரர் வாசனை சொல்லுவார். முன்னாடி வேற ஊர்ல ராத்திரி காலி பண்ணு சொன்னாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அது அவனுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. டில்லிக் காவல்துறை 2007இல் வடகிழக்கு மாநில மாணவர்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அகுனி முதலான வாசனை மிக்க உணவுகளை அக்கம்பக்கத்தில் கலவரம் எழாதபடி சமைக்க வேண்டும் என்று அதில் அறிவுரை இருந்தது. அகுனி என்பது புளிக்க வைத்த சோயா அவரை. அதைச் சமைக்க இடம் தேடி அலைவதை வைத்து 2019இல் 'அக்சோனே' என்று ஒரு படமே வந்தது. ஆனால் எங்களுக்கு அந்தப் பையனின் சொல்லைக் கேட்டபோது டில்லி நினைவுக்கு வரவில்லை. அம்மா எங்களைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது நாங்கள் சென்னையில் வாடகைக்கு இருந்தோம். இரண்டாம் மாடி, நல்ல காற்று, பள்ளி அருகில். வீட்டுக்காரர் "சைவந்தானே?" என்று கேட்டபோது நாங்கள் "முட்டை மட்டும்" என்று சொல்லியிருந்தோம். ஒரு பொய்யைக் காலி செய்யாமல் பதினொரு மாத ஒப்பந்தங்களாக நீட்டித்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். மஞ்சள் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார். பொடி நெத்திலி. குழந்தைக்கு முள் குத்தக்கூடாதென்று ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, வயிறு நீக்கி, இரண்டு இரவு உட்கார்ந்து சுத்தம் செய்தது. பொட்டலம் பிரிவதற்குள் எங்களில் ஒருவர் சன்னலைச் சாத்தினார். மற்றவர், "இதெல்லாம் இங்க கொண்டு வராதம்மா, வீட்டுக்காரங்க ஒரு மாதிரி" என்றார். யார் சாத்தினார், யார் சொன்னார் என்பதை நாங்கள் அதன்பின் பேசிக்கொண்டதில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவில்லை. அம்மா, "அட, ஆமால்ல" என்று பொட்டலத்தை மடித்து அதே பையில் வைத்துக்கொண்டார். சாயங்கால ரயிலில் அது அவரோடு அனுப்பம்பட்டுக்குத் திரும்பிப் போயிற்று. அடுத்த முறை வாழைப்பழம் கொண்டுவந்தார். அதற்கடுத்த முறைகளிலும் வாழைப்பழம்தான்.

எங்களில் ஒருவர் ஆண்டுதோறும் வகுப்பில் நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாட்டை நடத்துகிறார். தேரில் வரும் செல்வன் மகனிடம் தோழி பேசுகிறாள். இவள் பரதவர் மகள், நீ கொடி பறக்கும் மூதூரின் செல்வனின் பிள்ளை, சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டும் எங்களுக்கு உன் நலத்தால் என்ன பயன், எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். நாற்றத்தை உடையவர் நாற்றம் இல்லாதவரைப் பார்த்து எட்ட நிற்கச் சொல்கிற இடம் அது. மாணவர்கள் மூக்கைச் சுளித்துச் சிரிப்பார்கள். ஆசிரியர் குறை நயமும் பெருமித நயமும் சொல்லி, நெய்தலின் முதல், கரு, உரி எழுதிப்போட்டு மணியடித்ததும் இறங்கிவிடுவார். கொருக்குப்பேட்டை நடைமேடையைப் பற்றிப் பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்தத் தோழியைப்போல் அம்மா யாரையும் தள்ளி நிற்கச் சொன்னதும் இல்லை. தானே தள்ளி நின்றார்.

தொட்டுக்கொள்ளக் கிம்ச்சி வைத்திருந்தார்கள். அம்மா அதிலும், "சென்னாக்குன்னி இருக்குது" என்றார். இருக்கத்தான் செய்யும். பொடி இறாலை உப்பில் ஊறவைத்த சாந்தையும் நெத்திலிச் சாற்றையும் சேர்த்துத்தான் முட்டைக்கோஸைப் புளிக்க வைக்கிறார்கள். கூடி உட்கார்ந்து கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் இதிலும் ஒரு சன்னல் சாத்திய கதை உண்டு. 2008இல் கொரியாவின் முதல் விண்வெளி வீராங்கனை யி சோ-யோன் பயணம் போனபோது கிம்ச்சியும் உடன் போயிற்று. உடன் பயணிப்பவர்கள் முகம் சுளிக்கக்கூடாதென்று அறிவியலாளர்கள் உழைத்து அதன் வாசனையைக் குறைத்துத்தான் அனுப்பினார்கள். எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் பழவேற்காட்டில் கருவாடு காயவைக்கும் பெண்கள் கையை நெற்றிக்கு வைத்து அண்ணாந்து பார்ப்பார்கள். நெத்திலிக்கு அந்த வழியில் பயணச்சீட்டு கிடைக்கும் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

அம்மா விரல்களாலேயே இழைகளைச் சுருட்டி உண்டார். கடைசியில் கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிச் சாற்றைக் குடித்து முடித்தார். கொரியத் தொடர்களில் அப்படித்தான் குடிக்கிறார்கள் என்று மகள் பெருமையாகச் சொன்னாள். "நாங்களும் அப்படித்தான்டி குடிப்போம், கூழ" என்றார்.

பணம் கொடுக்கும்போது சீட்டை வாங்கிப் பார்த்தார். எண்கள் அவருக்குத் தெரியும். அந்தக் கிண்ணம் 420 ரூபாய். "ஒரு கை நெத்திலி, ஒரு சொம்புத் தண்ணி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஏமாற்றப்பட்டவரின் குரல் இல்லை அது. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியை எடைபோடும் குரல். கிளம்பும்போது பையனிடம், "எங்க ஊரு சரக்கு கொண்டாந்து தரேன், போட்டுப் பாரு" என்றார். அவன் தலையாட்டினான். முதலாளி கொரியாவிலிருந்து வரும் பொட்டலத்தைத்தான் வாங்குவார் என்பதை அவனும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் கூட்டம் குறைவு. அத்திப்பட்டு தாண்டியதும் மகள் தூங்கிவிட்டாள். அம்மா சன்னலோரம் உட்கார்ந்து விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். சொல்ல வேண்டியதை அப்போது சொல்லியிருக்கலாம். மீஞ்சூரில் சிலர் ஏறினார்கள். பிறகு எங்கள் ஊர் வந்துவிட்டது.

அனுப்பம்பட்டில் நாங்கள் வீடு கட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சொந்த வீடு, கேட்பார் இல்லை. ஆனாலும் கருவாடு சமைப்பதென்றால் அம்மா கொல்லைப்புறம் போய்விடுவார். மூன்று செங்கல் வைத்த அடுப்பு, சவுக்கு மிளார் விறகு. போகும்போது பின்கதவைச் சாத்திவிட்டுத்தான் போவார். விறகில் வைத்தால் ருசி என்று அவர் சொல்லியிருந்தார், நாங்கள் அப்படியே நம்ப விரும்பியிருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நெத்திலியும் கத்திரிக்காயும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பியபோது, உள்ளேயே கேஸில் வைத்தால் என்ன என்று கேட்டோம்.

"துணியில ஏறிடும். காலேஜிக்கிப் போற துணி" என்றார்.

பின்கதவைச் சாத்தப் போனவரைத் தடுத்துத் திறந்தபடி விட்டோம். தட்டுகளை எடுத்துக்கொண்டு நாங்களும் கொல்லைப்படியில் போய் உட்கார்ந்தோம். காற்று எங்கள் பக்கமாகத் திரும்பியது. மிளகாயும் புளியும் நெத்திலியுமாகப் புகை வந்து முகத்தில் மோதியது.

"கண்ணு எரியும்" என்றார் அம்மா, ஊதுகுழலிலிருந்து வாயை எடுக்காமலே. "அந்தாண்ட தள்ளி உக்காருங்க."